கேட்டுத் தீர்ந்த பாட்டு

ராபர்ட் பிளான்ட் ஒருமுறை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் காரில் போய்க்கொண்டிருந்தபோது போர்ட்லண்ட் நகரத்துச் சமூக வானொலி ஒன்றைக் கேட்டிருக்கிறார். நேயர்கள் தரும் பணத்தில் நடக்கும் ஸ்டேஷன் அது. அன்று நன்கொடை வசூல் நடந்துகொண்டிருந்தது. பணம் கொடுங்கள், 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை இனிமேல் போடவே மாட்டோம் என்று அறிவிப்பாளர் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிளான்ட் போன் போட்டுப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். லெட் செப்பலின் குழுவுக்காக அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவரும் அதைப் பாடியவரும் அவர்தான். பாட்டின்மேல் வெறுப்பெல்லாம் இல்லையாம், ஏற்கெனவே கேட்டாயிற்றாம். பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

பாடியவருக்கே இந்தக் கதி என்றால் கேட்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிளாசிக் ராக் ஸ்டேஷன் எட்டாத ஊர் அமெரிக்காவில் குறைவு. அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதிவரை வந்த பாட்டுகள். பிங்க் ஃப்ளாய்ட், ஈகிள்ஸ், லினர்ட் ஸ்கினர்ட், ஏரோஸ்மித், ஜர்னி என்று அதே குழுக்கள், ஒவ்வொன்றிலும் அதே நாலைந்து பாட்டுகள். மெக்கானிக் ஷெட்டில் அதுதான் ஓடும், லாரியில் அதுதான் ஓடும். இதைக் கேட்டு வளர்ந்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால், எது நல்ல பாட்டு என்று ஆரம்பிக்க மாட்டார்கள். எந்தப் பாட்டு வந்தால் நீ ஸ்டேஷனை மாற்றுவாய் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருவர் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' என்பார். இன்னொருவர் 'ஸ்வீட் ஹோம் அலபாமா' என்பார். மூன்றாமவர், எதையும் மாற்ற மாட்டேன், நாற்பது வருஷமாக அந்த கிட்டார் வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறேன், எனக்கு ஒன்றும் அலுக்கவில்லை என்பார். நாலாவதாக ஒருவர் எப்போதும் இருப்பார். ரேடியோவில் போடுவதெல்லாம் குப்பை, அதே எல்.பி.யின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டைக் கேட்டிருக்கிறாயா என்று கேட்பார். நாலாமவரிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவர் சொல்லும் பாட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவர் ரசிப்பது அந்தப் பாட்டையா, அது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதையா என்பதுதான் பிடிபடாது.

நாலு பேரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. தப்பு ரேடியோக்காரனுடையது. பேராசை, சோம்பேறித்தனம், விளம்பரக் காசு. ஐந்நூறு பாட்டை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க அரைக்கிறான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஐந்நூறைப் பொறுக்கிக் கொடுத்தது யார் என்று பார்த்தால், திட்டுகிறவர்களின் கை அதில் இருக்கிறது. அதைவிட வேடிக்கை, இன்று சிறை என்று திட்டு வாங்கும் பாட்டுகள் ஒரு காலத்தில் சிறையை உடைத்துக்கொண்டு வந்தவை என்பது.

அறுபதுகளில் பாட்டென்றால் ஏ.எம். வானொலி. பாட்டுக்கு மூன்று நிமிடம், அதற்கு மேல் போனால் நீளம். 1965இல் பாப் டிலன் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டை ஆறு நிமிடத்துக்கு மேல் பதிவுசெய்தபோது, வானொலிக்கு அனுப்பிய தட்டில் கம்பெனி அதை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டது. முதல் பாதியோடு நிறுத்திய ஸ்டேஷன்களுக்கு நேயர்கள் போன் செய்து முழுதாகப் போடச் சொன்னார்கள். டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' எல்.பி.யில் ஏழு நிமிடம் ஓடும். சிங்கிளில் ஆர்கன், கிட்டார் தனி ஆவர்த்தனங்களை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் அடைத்தார்கள்.

நீளப் பாட்டுகளுக்கு வழி திறந்துவிட்டது ஓர் அரசாங்க விதி. அதுவரை எஃப்.எம். என்பது ஏ.எம். நிகழ்ச்சியை அப்படியே மறுபடி விடுகிற இரண்டாம் குழாய். ஒரே முதலாளி இரண்டும் வைத்திருந்தால், பெரிய நகரங்களில் எஃப்.எம். நேரத்தில் பாதியாவது தனி நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் அறுபதுகளின் நடுவில் சொல்லிவிட்டது. அந்த நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று முதலாளிகளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் டாம் டோனஹ்யூ. ஏ.எம்.மில் பேர்போன டி.ஜே., பெருத்த உடம்புக்காரர். டோர்ஸின் முதல் எல்.பி.யை வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது, இதை ஏன் எந்த ரேடியோவும் போடுவதில்லை என்று அவருக்குத் தோன்றியதாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் கே.எம்.பி.எக்ஸ். என்று நொடித்துப்போன ஓர் எஃப்.எம். ஸ்டேஷன் இருந்தது. போன் போட்டுப் பார்த்தால் இணைப்பே துண்டிக்கப்பட்டிருந்ததாம். அப்படியானால் நாம் சொல்வதைக் கேட்பார்கள் என்று தைரியம் வந்ததாம். 1967 ஏப்ரலில் அங்கே இரவு நிகழ்ச்சி தொடங்கினார். எந்தப் பாட்டு, எவ்வளவு நீளம், அதற்கடுத்து எது என்பதெல்லாம் டி.ஜே.யின் இஷ்டம். ராக்குக்குப் பக்கத்தில் புளூஸ் வரும், அதன் பக்கத்தில் ரவிசங்கரின் சிதார் வரும்.

'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டுக்கு இடம் கிடைத்தது இந்த எஃப்.எம்.மில்தான். 1971 நவம்பரில் வந்த எல்.பி.; அட்டையில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. பாட்டு எட்டு நிமிடம். கம்பெனி கெஞ்சியும் சிங்கிளாகப் போட லெட் செப்பலின் சம்மதிக்கவில்லை. பாட்டு வேண்டுமா, முழு எல்.பி.யையும் வாங்கு. அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். ஜிம்மி பேஜ் அகூஸ்டிக் கிட்டாரை ஒவ்வொரு தந்தியாக மீட்டுகிறார். அதற்கடியில் ஒரு சுரவரிசை படி இறங்குவது போல இறங்குகிறது. ஜான் பால் ஜோன்ஸ் வாசிக்கும் மரக்குழல்கள் வந்து சேர்கின்றன. அப்புறம் குரல். மின்சார கிட்டார் மெல்லத் தலைகாட்டுகிறது. இன்னும் தாளம் இல்லை. மூன்று நிமிடம் ஆகிறது, ஏ.எம். கணக்கில் இந்நேரம் பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்திருக்கும். நாலு நிமிடம் கடந்த பிறகுதான் ஜான் பான்ஹம் டிரம்ஸில் கை வைக்கிறார். ஆறாவது நிமிடத்தை ஒட்டி பேஜின் தனி கிட்டார், அதன் பிறகு பிளான்டின் உச்சக் குரல், கடைசியில் வாத்தியமே இல்லாமல் ஒற்றை வரி. காத்திருக்க வைப்பதுதான் இந்தப் பாட்டின் வித்தை. பான்ஹம் எப்போது வருவார் என்று காக்க வைத்துக் காக்க வைத்து, வந்ததும் உடம்பு எழுந்து நிற்கிறது. டி.ஜே.க்களுக்கும் பாட்டு பிடித்திருந்தது. சிகரெட் பிடித்துவிட்டு, கழிவறைக்கும் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பி வர எட்டு நிமிடம் போதும். எழுபதுகளின் எஃப்.எம்.மில் நேயர் விருப்பத்தில் முதலிடம் இதற்குத்தான் என்று பெயரெடுத்தது.

டி.ஜே.யின் இஷ்டம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. எஃப்.எம்.மில் காசு வருகிறது என்று தெரிந்ததும், நேயர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பதை ஊகத்துக்கு விடக் கூடாது என்று கிளம்பியவர்களில் லீ ஏப்ரம்ஸ் முக்கியமானவர். எழுபதுகளில் பல ஊர் ஸ்டேஷன்களுக்கு ஒரே மாதிரியான பட்டியலை வகுத்துக் கொடுத்தார். டி.ஜே.யின் ரசனை போய் ஆய்வு வந்தது.

அந்த ஆய்வு பிற்பாடு எடுத்த வடிவத்தைப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். ஹோட்டலில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடிப்பார்கள். நூறு பேர்வரை வருவார்கள். வந்ததற்குப் பணம் உண்டு. முன்கூட்டியே போனில் விசாரித்துச் சலித்து எடுக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் ஆண்கள், விளம்பரக்காரர்கள் தேடும் வயது, ஏற்கெனவே அந்த மாதிரி ஸ்டேஷனைக் கேட்கிறவர்கள். கையில் ஒரு தாள் அல்லது திருகுகிற மாதிரி ஒரு கருவி. ஸ்பீக்கரில் பாட்டுத் துணுக்குகள் வரும். துணுக்கு என்றால் ஏழு விநாடி, மிஞ்சினால் பத்து. பாட்டில் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியும் இடம். உடனே மதிப்பெண் போட வேண்டும். ரொம்பப் பிடிக்கும், பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது, கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, எனக்குத் தெரியாது. அடுத்த துணுக்கு. ஓர் உட்காரலில் சில நூறு ஓடிவிடும். வெளியே வருவதற்குள் காது மரத்துப்போயிருக்கும்.

பான்ஹமுக்காக நாலு நிமிடம் காத்திருக்க வேண்டிய பாட்டுக்கு அங்கே ஏழு விநாடிதான். தெரிந்த பாட்டுதான் ஜெயிக்கும். தெரியாதது ஏழு விநாடியில் எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் தோற்கும். ஜெயித்ததை அதிகமாகப் போடுவார்கள். அதிகமாகப் போட்டதால் அடுத்த சோதனையில் அது இன்னும் நன்றாகத் தெரியும். சலித்துவிட்டது என்று குறிப்பவர்களும் உண்டு, அதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் சலித்துவிட்டது என்று குறித்தவரே, பிடிக்கும் என்பதிலும் குறித்திருப்பார். காரில் அந்தப் பாட்டு வரும்போது அவர் முணுமுணுத்துக்கொண்டே கேட்பாரா, ஸ்டேஷனை மாற்றுவாரா என்பதுதான் நிர்வாகிக்கு வேண்டியது. பெரும்பாலோர் மாற்றுவதில்லை. உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968இலேயே, அர்த்தமில்லாத சொற்களைக்கூடத் திரும்பத் திரும்பக் காட்டினால் மனிதர்களுக்கு அவற்றின்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது என்று காட்டியிருந்தார். ஹோட்டல் கூடங்களில் நடந்தது அதன் நீட்சிதான்.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஃபிரெட் ஜேகப்ஸ் என்ற ஆலோசகர் இதைக் கடைசிப் படிவரை கொண்டுபோனார். புதுப் பாட்டே வேண்டாம் என்றார். முப்பதைத் தாண்டியவர்கள் கல்லூரியில் கேட்டதை மட்டும் போட்டால் போதும். 1985இல் மிச்சிகனின் லான்சிங் நகரில் ஒரு ஸ்டேஷன் அதைச் செய்து பார்த்தது. கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறியது. கொஞ்ச காலத்தில் நாடெங்கும் அதே அச்சு. 1996இல் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் என்ற கம்பெனி ஆயிரத்துக்கு மேல் வாங்கிச் சேர்த்தது. ஓர் ஊரில் எடுத்த சோதனை நூறு ஊருக்குப் போதுமானதாகிவிட்டது.

இத்தனையும் மேலிருந்து யாரோ திணித்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படியிலும் ரசிகனைக் கேட்டிருக்கிறார்கள். எந்த ரசிகனை என்பதுதான் கேள்வி. அந்தக் கூடத்துக்கு அழைக்கப்படாதவர்களின் பாட்டு பட்டியலில் இல்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒருவரை விட்டால் கிளாசிக் ராக்கில் கறுப்பர் குரல் அபூர்வம். ராக்கை உண்டாக்கியவர்களாலேயே விருந்தாளியாகக்கூட உள்ளே வர முடிவதில்லை. லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் தன் பங்கு உண்டு என்று சிகாகோ புளூஸ்காரர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டு, பேசி முடித்து, பிற்பாடு அவர் பெயரும் பாட்டோடு சேர்ந்தது. பெயர் சேர்ந்ததே தவிர, மடி வாட்டர்ஸ் பாடிய டிக்சனின் பாட்டை அந்த ஸ்டேஷன்கள் போடுவதில்லை.

ரசிகர்களின் அபிப்பிராயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிகாகோவில் 1979 ஜூலை 12 இரவு இருக்கிறது. ஸ்டீவ் டால் என்ற டி.ஜே. வேலை பார்த்த ராக் ஸ்டேஷன் டிஸ்கோவுக்கு மாறியது. அவர் வேலை போயிற்று. வேறு ராக் ஸ்டேஷனுக்கு வந்து தினமும் டிஸ்கோவைத் திட்டிக் கூட்டம் சேர்த்தார். காமிஸ்கி பார்க் மைதானத்தில் அன்று ஒரே நாளில் இரண்டு பேஸ்பால் ஆட்டம். டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றோடு வந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவு. முதல் ஆட்டம் முடிந்ததும் சேர்ந்த ரெக்கார்டுகளைப் பெட்டியில் போட்டு வெடிவைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் குதித்தார்கள். புல்தரை பற்றி எரிந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை, டெட்ராய்ட் அணிக்கு வெற்றி போயிற்று. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ், பிற்பாடு ஹவுஸ் இசையில் பெயர் வாங்கியவர், சிலர் கொண்டுவந்து போட்டவை டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பர்களின் ரெக்கார்டுகள் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் பாட்டு பிடிக்காது என்று ஒருவர் சொல்லும்போது, அதில் பாட்டைப் பற்றிய பகுதி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு வந்தது.

'ஸ்வீட் ஹோம் அலபாமா' பற்றிய சண்டை இந்த வகைதான். 1974 பாட்டு. தென்மாநில நிறவெறியைச் சாடி நீல் யங் எழுதிய இரண்டு பாட்டுகளுக்குப் பதிலடி. எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. பாடிய லினர்ட் ஸ்கினர்ட் குழு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லைச் சேர்ந்தது. பாட்டில் அந்த மாநில ஆளுநரைப் பற்றி ஒரு வரி வருகிறது; அவர் நிறப் பிரிவினைக் கொள்கைக்குப் பேர்போன ஜார்ஜ் வாலஸ். வரிக்குப் பின்னால் கோரஸ்காரர்கள் ஊளையிடுகிறார்கள். அது ஆளுநருக்கு எதிரான கிண்டலா, மறைமுகமான ஆதரவா என்று ஐம்பது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். பாடகர் ரானி வான் ஸான்ட் நீல் யங் படம் போட்ட டி-ஷர்ட்டை எல்.பி. அட்டையிலேயே மாட்டிக்கொண்டு நின்றவர். நீல் யங்கும் தன் நூலில், தான் எழுதிய 'அலபாமா' அந்த அடிக்குத் தகுதியானதுதான் என்று ஒப்புக்கொண்டார். சம்பந்தப்பட்ட இருவருக்கும் பகையில்லை. ரசிகர்கள் விடுவதாக இல்லை. கேட்டால் என் கட்சி இது: வரிகள் நழுவுகின்றன, வேண்டுமென்றே. ஆனால் தொடக்கத்து கிட்டார் கோர்வை நழுவவில்லை. ஏழு விநாடிச் சோதனைக்கென்றே செய்தாற்போல் இருக்கிறது அது. பாட்டு பட்டியலில் இருப்பது அதனால்தான், அலபாமாவால் அல்ல.

ஜர்னியின் 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' கதை நேர்மாறானது. 1981இல் வந்தபோது விமர்சகர்கள் ஜர்னியைச் சீந்தவில்லை; கம்பெனிக்காரன் செய்த சரக்கு என்றார்கள். 2007 ஜூனில் 'தி சொப்ரானோஸ்' தொடரின் கடைசிக் காட்சியில் அது ஒலித்து, பாதியில் திரை கறுத்தது. அன்றிலிருந்து பாட்டுக்கு மரியாதை. பாட்டில் வரும் பையன் தெற்கு டெட்ராய்ட்டில் வளர்ந்தவனாம். டெட்ராய்ட் நகரத் தெருக்களிலிருந்து நேர் தெற்கே போனால் ஆறு, அதைத் தாண்டினால் கனடாவின் வின்ட்சர். அப்படி ஓர் இடம் இல்லை என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஹாக்கி மைதானத்தில் அந்த வரி வரும்போது கூரை அதிரப் பாடுகிறவர்களும் அவர்களேதான்.

ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' நம்மையும் தொடுகிற பாட்டு. அமெரிக்காவில் ஈகிள்ஸை வெறுப்பது ஒரு தனிப் பிரிவு. 'தி பிக் லெபோவ்ஸ்கி' படத்தில் நாயகன் டாக்ஸியில் ஈகிள்ஸ் வேண்டாம் என்று சொல்லி நடுவழியில் இறக்கிவிடப்படுகிறான். இந்தியக் கல்லூரிகளில் அந்த வெறுப்பைக் காண்பது அரிது. சென்னையில் கிட்டார் பிடித்த பையன்கள் பலருக்கும் பி மைனரில் தொடங்கும் அந்தக் கோர்வைதான் பால பாடம். கல்ச்சுரல்ஸ் மேடைகளில் கடைசியில் வரும் இரட்டை கிட்டாரை, டான் ஃபெல்டர் பங்கும் ஜோ வால்ஷ் பங்குமாக இரண்டு பேர் பிரித்துக்கொண்டு விரல் வலிக்க வாசித்திருக்கிறார்கள். நம் ரேடியோ அதை அரைக்கவில்லை. கைமாறிய கேசட்டில் வந்தது, தேடிப்போய்க் கேட்டது. தேடிக் கேட்ட பாட்டு சீக்கிரம் அலுப்பதில்லை. பல் டாக்டரிடம் வாய் திறந்து கிடக்கையில் தானாக வந்து விழுகிற பாட்டுதான் அலுக்கிறது.  

ஆகவே பிளான்டின் நன்கொடை எனக்கு நியாயமாகவே படுகிறது. அவர் பாட்டை விலக்கப் பணம் தரவில்லை, அது தானாக வந்து விழாமலிருக்கத்தான் தந்தார். வீட்டில் எல்.பி.யை எடுத்து, பான்ஹமுக்காக நாலு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரை அந்த நன்கொடை ஒன்றும் செய்யாது. ரேடியோவில் பாதிப் பேர் அந்தப் பாட்டுக்குள் நுழைவதே ஐந்தாவது நிமிடத்தில், சாவி போட்டு வண்டியைக் கிளப்பும்போது. அவர்கள் சலித்துக்கொள்வது பாட்டின் பின்பாதியைத்தான்.

இப்போது சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. நிர்வாணாவும் பேர்ல் ஜாமும் கிளாசிக் ராக் ஸ்டேஷன்களில் வர ஆரம்பித்துவிட்டன. இந்த ரேடியோவில் ஒலித்ததற்கெல்லாம் மாற்றாகக் கொண்டாடப்பட்டவர் நிர்வாணாவின் கர்ட் கோபேன். அவரை ஃபாரினர் குழுவுக்கும் ஜர்னிக்கும் நடுவில் போடுகிறார்கள். இதெல்லாம் கிளாசிக்கா என்று எழுபது வயதுக்காரர்கள் கொதிக்கிறார்கள். எங்கள் பாட்டைக் கிழவன் பாட்டாக்கிவிட்டீர்களே என்று ஐம்பது வயதுக்காரர்கள் கொதிக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் கொதிக்க ஒன்றுமில்லை. லான்சிங்கில் அந்த ஸ்டேஷன் 1985இல் தொடங்கியபோது 'ஸ்டேர்வே' வந்து 14 வருஷம்தான் ஆகியிருந்தது. 1991இல் வந்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' முப்பதைத் தாண்டியாயிற்று. அதன் முதல் ஏழு விநாடி எந்தச் சோதனையிலும் தேறும். பட்டியலின் நீளம் மட்டும் கூடுவதில்லை. உள்ளே ஒன்று வந்தால் வெளியே ஒன்று போக வேண்டும், போவது பெரும்பாலும் அறுபதுகளின் பாட்டு. போன பிறகு, முன்பெல்லாம் போடுவீர்களே, இப்போது ஏன் போடுவதில்லை என்று ஸ்டேஷனுக்குப் போன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.